பாட்டியின் கை: மார்பக அறுவை மருத்துவம் கடந்து வந்த பாதை



கேமரன் மலையில் தமிழ் கற்பிக்கும் எனக்கு மருத்துவம் துறையன்று. என் மாணவி ஒருத்தியின் தாயார் கூறிய சொல்லே இக்கட்டுரைக்கு வித்து. மார்பில் கட்டி தென்பட்ட பின்னும் அவர் எட்டு மாதங்கள் மருத்துவரிடம் செல்லவில்லை. காரணம் கேட்டேன். “அறுத்தா கை போயிடும் டீச்சர். எங்க பாட்டிக்கு அப்படித்தான் ஆச்சு” என்றார்.

அவருடைய பாட்டி 1960களில் இம்மலையில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். அறுவைக்குப் பின் வலக்கை வீங்கியது. கூடை சுமக்க இயலவில்லை. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தோற்றுவித்த நாள்தொட்டு, இங்குக் குடியேறிய தமிழ்ப் பெண்களுக்குக் கையே கூலி. அந்த அச்சம் பொய்யன்று. ஆனால், அது ஒரு காலத்தின் அச்சம்.

மயக்க மருந்து பரவாத காலத்தில் மார்பக அறுவை கொடுமையாக இருந்தது. 1804இல் ஜப்பானிய மருத்துவர் ஹனாவோகா செய்ஷு, மூலிகை மயக்க மருந்து கொடுத்து மார்பகப் புற்றை அகற்றினார். அச்செய்தி மேலை நாடுகளை எட்டவில்லை. 1811இல் பாரிசில் ஆங்கில எழுத்தாளர் ஃபேனி பர்னி, மயக்க மருந்தின்றியே அறுவைக்கு உட்பட்டார். அதன்பின் 28 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். 1846இல் பாஸ்டனில் ஈதர் மயக்கம் வெளிப்படையாகச் செய்துகாட்டப்பட்ட பின்னரே நிலை மாறிற்று.

அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், புற்று ஓரிடத்தில் தோன்றிப் படிப்படியாகச் சுற்றிலும் பரவும் எனக் கருதினார். ஆகவே மார்பகத்தோடு நெஞ்சுத் தசைகளையும் அக்குளின் நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றினார். 50 பெண்களுக்குச் செய்த இம்முறையைப் பற்றி 1894இல் எழுதினார். அறுத்த இடத்தில் நோய் திரும்புவது குறைந்தது. ஆனால் தசை போனதால் தோள் வலுவிழந்தது. கணுக்கள் போனதால் நிணநீர் வடிய வழியின்றிப் பலருக்குக் கை வீங்கியது. முக்கால் நூற்றாண்டுக் காலம் இம்முறையே கோலோச்சிற்று. பாட்டியின் கை அக்காலத்துக் கை.

மாற்றம் ஆய்வால் வந்தது. 1971இல் பெர்னார்டு ஃபிஷர் தொடங்கிய ஆய்வில் 1,600க்கும் மேற்பட்ட பெண்கள் பங்கேற்றனர். தசையை அகற்றினாலும் விட்டுவைத்தாலும் உயிர்வாழ்வில் வேறுபாடில்லை என்று அது காட்டிற்று. மார்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு அளிப்பதும், முழு மார்பகத்தை அகற்றுவதற்கு ஈடான உயிர்வாழ்வைத் தரும் என 1981இல் இத்தாலியின் உம்பெர்ட்டோ வெரோனேசியும் 1985இல் ஃபிஷரும் அறிவித்தனர். 1990களில், கட்டியிலிருந்து நிணநீர் முதலில் சென்றடையும் கணுவை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்தது. அது தூய்மையாக இருப்பின் மற்றவற்றைத் தொடவேண்டியதில்லை. கை வீங்கும் வாய்ப்பு பெரிதும் குறைந்தது, முற்றிலும் அகன்றுவிடவில்லை.

அறுவைக்குப் பிந்திய அறிவுரையும் மாறியுள்ளது. காயத்திலிருந்து நீரை வெளியேற்றும் குழாய் சில நாள்கள் இருக்கக்கூடும். அக்குளில் மரமரப்பு தோன்றலாம். மருத்துவர் சொல்லும் நாளிலிருந்து விரல்களைச் சுவரில் ஏறவிட்டுத் தோளைப் பழக்குதல் வேண்டும். கையை எந்நாளும் பொத்திவைக்கச் சொன்ன காலம் உண்டு. வீக்கமுற்ற 141 பெண்களிடம் நடத்திய ஆய்வொன்று, மேற்பார்வையுடன் மெல்ல மெல்ல எடை தூக்குவதால் வீக்கம் மிகவில்லை என 2009இல் காட்டிற்று. ஆயினும் கை சிவந்தாலோ வீங்கினாலோ காலம் தாழ்த்தாது மருத்துவரைக் காண்க.

மாணவியின் தாயார் ஈப்போவுக்குச் சென்று அறுவை செய்துகொண்டார். கட்டி வளர்ந்திருந்ததால் மார்பகத்தை முழுதும் எடுக்க நேர்ந்தது. நோய் அக்குளை எட்டியிருந்ததால் அங்குள்ள கணுக்களையும் அகற்றினர். கைக்கு அஞ்சிய அந்த எட்டு மாதங்களே கைக்கு ஊறு தேடின. இதனை எழுதும்படி அவரே என்னிடம் கூறினார். ஆறு வாரங்களுக்குப் பின், பள்ளி வாயிலில் மகளுக்குத் தலை பின்னிவிட்டார். இடையில் இருமுறை கையை இறக்கி ஓய்வெடுத்தார்.

நம் நாட்டில் மார்பகப் புற்றுடைய பெண்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்திலேயே கண்டறியப்பட்டதாகத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கை கூறுகிறது. பாட்டியின் கதையை வீட்டில் சொல்லுங்கள்; அதற்குப் பின் நடந்த கதையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை