சிக்கந்தரா சாலையில் ஒரு நிதியின் கதை

தில்லியில் குடியேறிய நாம், மண்டி ஹவுஸ் அருகே பேருந்துக்குக் காத்து நிற்கையில், சிக்கந்தரா சாலையிலுள்ள லேடி இர்வின் கல்லூரியைப் பன்முறை கண்டிருக்கிறோம். அதன் பின்னுள்ள நிதியின் வரலாற்றை எண்ணிப் பார்த்ததில்லை.

மார்கரெட் கசின்ஸ் அம்மையாரின் முயற்சியால் 1927-இல் புணேயில் கூடிய அகில இந்திய மாதர் மாநாடு முதலிற் கோரியது பெண் கல்வியையே. ஆனால், பத்து வயதில் மணமுடித்து அனுப்பப்படும் சிறுமி எந்தப் பள்ளிக்குப் போவாள்? இத்தடையை உணர்ந்த மாதர் இளமண எதிர்ப்பிலும் இறங்கினர். பெண்ணின் மணவயதை 14 என வரையறுத்த சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறியது.

அவ்வாண்டிலேயே கல்விக்கென ஒரு நிதிச் சங்கமும் எழுந்தது. கோப்புகளோடு காலங்கழிக்கும் நாம் அறிவோம்: தீர்மானம் எழுதுவது எளிது, அதற்குப் பணம் பெறுவதே அரிது. மாதரோ நன்கொடை திரட்டினர்; 1932-இல் கல்லூரி திறந்தது. மனையியல் கற்பிக்கவா இத்தனை பாடு என்று நாமும் ஒருகாலத்தில் நகைத்ததுண்டு. உணவின் சத்தும் குழந்தை வளர்ப்பும் அங்கே அறிவியலாகப் பயிலப்பட்டன. பிள்ளைச் சாவு மலிந்திருந்த அந்நாளில் அது வெறும் அடுப்படிப் பாடமன்று. ஆசிரியப் பயிற்சியும் உடன் அளிக்கப்பட்டது. 1950-இல் அக்கல்லூரி தில்லிப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.