மலை மடித்ததா, கடல் மடித்ததா?

சேத்தூர்ல நின்னு மேற்கே பார்த்தா, மேற்குத் தொடர்ச்சி மலை. ராஜபாளையம் வட்டாரத்துப் பாறைகள்ல சிலது ஒரு காலத்துல தண்ணிக்கடியில படிஞ்ச வெறும் சேறு. ஏறத்தாழ 55 கோடி வருஷத்துக்கு முன்னாடி, கோண்டுவானா கண்டம் ஒண்ணு சேர்ந்த காலத்துல, அந்தச் சேறு பூமிக்குள்ள ஆழமா புதைஞ்சு, 900 டிகிரி செல்சியஸுக்கு மேல வெந்து, அழுத்தத்துல மடிஞ்சது. பாறையில மடிப்பு இருந்தா கண்டங்கள் மோதியிருக்குன்னுதான் நாமளும் படிச்சிருக்கோம்.

எல்லா மடிப்பும் அப்படி இல்லை. 1937-ல ஓ.டி. ஜோன்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர், வடக்கு வேல்ஸின் டென்பிஷயர் மலைப்பாறைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தப் பாறைகளுக்கு வயசு சுமார் 42 கோடி வருஷம். அங்கே சில அடுக்குகள் தாறுமாறா சுருண்டு கிடந்தன. அதுக்கு மேலேயும் கீழேயும் இருந்த அடுக்குகளோ கலையாம இருந்தன. மலை எழும்பினப்போ மடிஞ்சிருந்தா, எல்லாம் சேர்ந்துதானே மடிஞ்சிருக்கணும்?

ஜோன்ஸ் சொன்ன பதில்: அது கடலடிச் சரிவு. சாய்வான பலகையில போட்ட ஜமக்காளம் வழுக்கி, கீழே சுருண்டு குவியுமே, அதே மாதிரி இறுகாத சேறு சரிஞ்சு மடிஞ்சது. அப்புறம் அதுமேல புதுச் சேறு தட்டையா படிஞ்சது. மொத்தமும் பாறையாகி மலையானது ரொம்பப் பிந்தி.

இம்பீரியல் கல்லூரிப் பேராசிரியர் பாஸ்வெல் இதை ஏற்கலை. பின்னாடி வந்த நில அசைவுதான் காரணம்னு வாதாடினார். விவாதம் வருஷக்கணக்கில் நீண்டது.

கடலடி சரியும் என்பதுக்குப் பெரிய சாட்சி வேற இடத்துல கிடைச்சது. 1929 நவம்பர் 18, கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் நிலநடுக்கம். கடலடித் தந்திக் கம்பிகள்ல சில உடனே அறுந்தன. மற்றவை ஆழத்தை நோக்கி ஒண்ணு பின்னாடி ஒண்ணா, பல மணி நேரம் அறுந்துகிட்டே போச்சு. சுனாமியில 25 பேருக்கு மேல இறந்தாங்க. சரிஞ்ச சேறு ஓடின வேகத்தை, கம்பி அறுந்த நேரத்தை வெச்சே 1952-ல ஹீசனும் யூயிங்கும் கணக்குப் போட்டாங்க.

இன்னைக்கு நம்ம இணையமும் கடலடிக் கம்பியிலதான் ஓடுது. அதனால பழைய சரிவுகளை அடையாளம் காண்பது வெறும் ஆர்வம் மட்டும் இல்லை. எந்தச் சரிவு மறுபடி சரியலாம்னு யோசிக்க அது உதவும்.

அடுத்த முறை மலைப்பாதையில மடிஞ்ச பாறையைப் பார்த்தா, மடிப்பை மட்டும் பார்க்காதீங்க. அதுக்கு மேலேயும் கீழேயும் இருக்கிற அடுக்கையும் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.