வள்ளம் சுமந்த வழி

சில ஆண்டுகளுக்கு முன் ரொறன்ரோ நண்பரொருவர், அல்கொன்குயின் பூங்காவிற்கு வள்ளப் பயணம் செல்ல என்னையும் அழைத்தார். வரைபடத்தை விரித்தபோது ஏரிகளைவிட, ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு வள்ளத்தைத் தோளிற் சுமந்து நடக்கும் ஒற்றையடிப் பாதைகளே என் கவனத்தை ஈர்த்தன. அவற்றின் தூரத்தைக் கணக்கிட்டு உணவையும் கூடாரத்தையும் அளவாகக் கட்டுவதே பயண ஆயத்தத்தின் முதற்பாடம்.

அப்பாதைகளுட் பல, பூங்காவிலும் பழையவை. பேர்ச் மரப்பட்டையை வேர்களாற் தைத்து, பிசினால் அடைத்து, தோளிற் சுமக்கத்தக்க வள்ளம் செய்த அல்கொன்குயின் மக்களின் கால்கள் வகுத்தவை. பின்வந்த உரோம வணிகரும் அவ்வள்ளத்தையே கைக்கொண்டனர். அவர்களின் கூலியாட்கள் ஒரு நடைக்குச் சுமார் 80 கிலோ சுமந்தனர்.

அம்மக்கள் 1772 இலேயே நிலவுரிமை கோரி விண்ணப்பித்தனர். ஆயினும் அவர்களோடு உடன்படிக்கை ஏதுமின்றி, 1893 இல் பூங்கா உருவானது. கொள்கையளவிலான உடன்பாடு கைச்சாத்தானது 2016 இலேயே; அதுவும் இறுதி ஒப்பந்தமன்று.

ஏரிக்கரையில் தீ மூட்டி அமர்ந்த இரவு இனிமையானதே. ஆனால், பகலிற் சுமந்த தோள் வலித்துக்கொண்டிருந்தது. கடதாசியிற் காணியுறுதி இல்லாத மக்களுக்கு, கால் தேய்த்த பாதையும் ஓர் உறுதிதான் என்று எண்ணிக்கொண்டேன்.