முதலீட்டு முடிவுகள், இளையோரின்

சம்பாதிக்கத் தொடங்கும் வயதினர் தம் சேமிப்பை எதில், யாரை நம்பிப் போடுகின்றனர் என்பதைத் தீர்மானிப்பவை வீட்டாரின் பேச்சு, வருமானத்தின் சீர், சட்டப் பாதுகாப்பு, விளம்பரம், தெரிந்தவர் மீதுள்ள நம்பிக்கை ஆகியன. இவற்றுள் கடைசியாகச் சொன்னதே வலிமை மிக்கது.

புதுச்சேரி நகரின் தென்புறத்தில் மீன்பிடித் துறைமுகம் அமைந்துள்ள தேங்காய்த்திட்டு போன்ற இடங்களில் வருமானத்தின் சீரும் தனித்து நோக்கத்தக்கது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வரவு நின்றுபோகும் அந்த மாதங்களில் அன்றைக்கே அடகு வைத்துப் பணமாக்கத்தக்க நகை, ஐந்தாண்டு வைப்பைவிடப் பயன் மிக்கது. நகை வாங்குவதைச் செலவு என்று ஒதுக்குவது பொருந்தாது, அதுவும் முதலீடே.

நம்பிக்கையின் பழைய வடிவம் சீட்டு. குலுக்கல் சீட்டில் தொகை யாருக்கு என்பதைக் குலுக்கலே முடிவு செய்யும். ஏலச்சீட்டில் அதிகம் தள்ளி எடுப்பவருக்குத் தொகை போகும். தள்ளிய பணத்தில் சீட்டு நடத்துபவரின் கழிவு போக எஞ்சியது மற்றவர்களுக்குப் பங்காகும். முதல் சம்பளம் வாங்கியதும் தாயின் பெயரிலேயே சீட்டில் சேரும் பிள்ளைகள் உண்டு. தெருவில் அன்றாடம் பார்க்கும் முகமே அங்கு பிணை. சீட்டின் மறுபெயராகவே ஏமாற்றைக் கருதுவோர், இம்முறை எத்தனை திருமணங்களையும் படிப்புகளையும் நிறைவேற்றியது என்பதை மறந்துவிடுகின்றனர். உறுப்பினரிடம் மட்டுமே வைப்பு வாங்கி உறுப்பினருக்கே கடன் கொடுக்கும் நிதிகள் இதன் அடுத்த படி; மயிலாப்பூர் இந்து பெர்மனண்ட் ஃபண்டு 1872இல் தோன்றியது. பெயர் பெற்ற ஆர்பத்நாட் நிறுவனம் 1906இல் சென்னையில் நொடித்ததும், உள்ளூர்ப் பெரியோர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினர். வெள்ளையர் நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கை தெரிந்தவர்கள் பக்கம் திரும்பியது.

சட்டம் எப்போதும் நட்டத்துக்குப் பின்னரே வந்தது. பரிசுச் சீட்டுகள் 1978இல் தடை செய்யப்பட்டன. மத்தியச் சீட்டு நிதிச் சட்டம் 1982இல் வந்தது. நிதி நிறுவனங்களில் வைப்பு வைத்தோரைக் காக்கத் தமிழ்நாடு 1997இலும் புதுச்சேரி 2004இலும் சட்டம் இயற்றின. புதுச்சேரிச் சட்டம் செல்லும் என்று 2012இல் நியூ ஹொரைசன் சர்க்கரை ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இன்று இளைஞர் கைப்பேசிச் செயலிகள் வழியே பரஸ்பர நிதியிலும் பங்கிலும் இறங்குகின்றனர். தெரிந்த முகத்தின் இடத்தை யூடியூப் முகம் பிடித்துள்ளது. பங்குசார் முன்பேர வணிகத்தில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்ததாகவும், 30 வயதுக்குட்பட்டோரின் பங்கு ஓராண்டில் 31இலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்ததாகவும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024இல் அறிவித்தது.