அலையாத்திக் காடுகளில் கார்பன் சேமிப்பு

வெப்பமண்டலக் கடலோரங்களிலும் கழிமுகங்களிலும் வளரும் அலையாத்திக் காடுகள், காற்றிலிருந்து எடுக்கும் கார்பனை மரத்திலும் வேரிலும் சேற்றிலும் தேக்கி வைக்கின்றன. இதில் சேற்றின் பங்கே பெரிது. இந்தோ-பசிபிக் பகுதியில் 25 காடுகளை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கார்பன் இருப்பதாகக் கணக்கிட்டது. அதில் மண்ணில் இருந்தது இடத்துக்கு இடம் 49 முதல் 98 விழுக்காடு.

உதிர்ந்த இலையும் மடிந்த வேரும் ஓதநீர் ஊறிய சேற்றில் புதைகின்றன. மேற்பரப்புக்குச் சற்றுக் கீழேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடுவதால் அவை மட்குவது மிக மெதுவாகவே நடக்கும். ஊன்றுவேர்களும் மூச்சுவேர்களும் நீரோட்டத்தைத் தணித்து வண்டலைப் படியவைக்க, சேறு ஆண்டுதோறும் உயர்கிறது. கடல்நீரில் சல்பேட் மிகுதி. ஆகவே நன்னீர்ச் சதுப்புகளைவிட இங்கே மீத்தேன் குறைவாக உருவாகும்.

கள அளவீட்டில், நீர்விளிம்பிலிருந்து காட்டுக்குள் ஒரு நேர்கோடு இட்டு, 25 மீட்டருக்கு ஒன்றாக 7 மீட்டர் ஆரமுள்ள ஆறு வட்டங்களைக் குறிப்பது பரவலான முறை. வட்டத்துக்குள் நிற்கும் மரங்களின் விட்டம் மார்பளவு உயரத்தில் அளக்கப்படும். சுரபுன்னைக்கு இது பொருந்தாது. அதன் உச்சி ஊன்றுவேருக்கு 30 செ.மீ. மேலே அளக்க வேண்டும். விட்டத்தையும் மர அடர்த்தியையும் கொண்டு, மரத்தை வெட்டாமலே அதன் எடையைச் சமன்பாட்டால் பெறலாம். உலர் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கார்பன்.

மண்ணை அளப்பதே கடினமான வேலை. பக்கவாட்டில் திறந்த துளைப்பானை அழுத்தி, சேறு இறுகிவிடாமல் மாதிரி எடுக்க வேண்டும்; இறுகினால் கணக்கு பிழைக்கும். வெவ்வேறு ஆழங்களில் எடுத்த மாதிரிகளை 60 டிகிரி செல்சியசில் உலர்த்தி அடர்த்தியையும், சிப்பி ஓட்டின் சுண்ணாம்பை அமிலத்தால் நீக்கியபின் கரிமக் கார்பனின் விகிதத்தையும் காண்பார்கள். ஒரு கன சென்டிமீட்டர் மண் உலர்ந்தபின் அரை கிராம், அதில் 4 விழுக்காடு கார்பன் என்று கொண்டால், ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 200 டன். அதே மண் மூன்று மீட்டர் இருந்தால் 600 டன். எவ்வளவு ஆழம் அளந்தார்கள் என்று சொல்லாத எந்தப் புள்ளிவிவரத்தையும் இன்னொன்றோடு ஒப்பிடக் கூடாது. பல ஆய்வுகள் ஒரு மீட்டரோடு நிறுத்துவதால், ஆழமான சேறுள்ள காடுகளின் உண்மையான இருப்பு குறைத்தே மதிப்பிடப்படுகிறது.

இருப்பு வேறு, ஆண்டுக்கு எவ்வளவு சேர்கிறது என்பது வேறு. இரண்டாவதை அறிய, வண்டல் அடுக்குகளின் வயதை ஈயம்-210 என்ற கதிரியக்க ஐசோடோப்பால் கணிக்கிறார்கள்.

மரத்தை வெட்டினால் மண்ணும் மாறும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்தில், முன்பு பகுதி பகுதியாக மரங்கள் முழுதும் வெட்டப்பட்ட இடங்களில் நிலம் காய்ந்து தாழ்ந்தது. உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியின்றித் தேங்கி உப்பு ஏறியது. இத்தகைய நிலத்தில் கன்று நடுவதற்கு முன் வாய்க்கால் வெட்டி ஓதநீர் வந்து திரும்ப வழி செய்ய வேண்டியிருந்தது.