தவிட்டு வைத்தியத்தின் சரித்திரம்

வெள்ளை மாவுக்காகக் கோதுமையைச் சலித்த ஆலைகள் கால்நடைத் தீவனமென்று ஒதுக்கித் தள்ளிய தவிடு, இங்கிலாந்திலே குடல் வைத்தியத்தின் பிரதான ஔஷதமாக உயர்வதற்கு வித்திட்டவர் ஒரு கடற்படை வைத்தியர். 1941-ஆம் ஆண்டில் 'ஐந்தாம் ஜார்ஜ் மன்னர்' என்னும் யுத்தக் கப்பலில் பணியாற்றிய கிளீவ், பசுங்காயும் கனியும் அருகிப்போன கடல்வாசத்தில் மலச்சிக்கலால் அவதியுற்ற மாலுமிகளுக்குத் தவிட்டைக் கொடுத்துக் குணங்கண்டார். குடல் நோயாளிக்குச் சக்கையற்ற மிருதுவான ஆகாரமே உகந்தது என்று விதித்திருந்த அக்காலத்து வைத்திய உலகில் அவர் வார்த்தை நெடுங்காலம் சபையேறவில்லை.

பின்னர் அதைச் சபையேற்றியவர் டெனிஸ் பர்க்கிட். உகாண்டாவில் ஏறத்தாழ இருபது ஆண்டு ரண சிகிச்சை நிபுணராக இருந்த அவர், நார் மிகுந்த உணவுண்ணும் ஆப்பிரிக்க கிராமவாசிகளிடம் மேனாட்டாரின் குடல் நோய்கள் பல அபூர்வமாக இருப்பதை 1970-களில் ஓயாது பிரசாரம் செய்தார். அந்த உற்சாகத்திலே, வலியும் உப்புசமுமாக, ஒருநாள் கழிச்சலும் மறுநாள் சிக்கலுமாக மனிதரை அலைக்கழிக்கும் குடல் எரிச்சல் நோய்க்கும் தவிடே மருந்தாயிற்று. மரத்தூளைப்போல் நாவில் ஒட்டும் அதனைக் கஞ்சியிலும் சூப்பிலும் கலந்து நோயாளிகள் விசுவாசத்தோடு விழுங்கினார்கள்.

1994-இல் மான்செஸ்டர் வைத்தியர் இருவர் அந்நோயாளிகளிடமே விசாரித்தபோது, நூற்றுக்கு 55 பேர் தவிட்டால் உபாதை அதிகரித்ததென்றும், பத்துப் பேர் மட்டுமே இதம் கிடைத்ததென்றும் தெரிவித்தனர். நோயாளியின் வாய்மொழிக்கு ஸ்தானம் அளித்த அந்த விசாரணையை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். 2009-இல் நெதர்லாந்தில் தவிடு, இசப்கோல் உமி, போலி மருந்தாக அரிசி மாவு என மூன்றையும் பன்னிரண்டு வாரம் கொடுத்து ஒப்பிட்டபோது, இசப்கோல் உண்டோர் சுகங்கண்டனர். தவிடு உண்டோரிலோ, உபாதை தாளாமல் இடையிலேயே விலகியவர்கள் அதிகம்.

தவிடு இப்படி உபாதை தந்ததற்கு விளக்கம் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் சர்வகலாசாலையிலிருந்து கிடைத்தது. கோதுமை, வெங்காயம், பூண்டு, பருப்பு முதலியவற்றில் சிறுகுடல் கிரகிக்காத சில சர்க்கரை வகைகள் உண்டு. அவை பெருங்குடலை அடைந்து, நுண்ணுயிர்களால் நொதித்து, வாயுவை எழுப்புகின்றன. சாதாரணக் குடல் பொருட்படுத்தாத அந்த விரிவை, கூருணர்ச்சி கொண்ட குடல் வலியாக உணர்கிறது. இச்சர்க்கரைகளுக்கு 2005-இல் ஒரு பொதுப் பெயரிட்ட ஆய்வாளர்களான கிப்சனும் ஷெப்பர்டும் வகுத்த பத்தியத்திலே, இவ்வுணவுகளைச் சில வாரம் குறைத்து, பின்பு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, தம் குடல் எதை எவ்வளவு தாங்குகிறதென்று நோயாளியே உணவியல் நிபுணரின் துணையுடன் கண்டறிய வேண்டும். தாங்கும் பதார்த்தங்களெல்லாம் மறுபடியும் இலைக்கு வந்துவிடும்.