பெயரற்ற மெட்டும் ஏறிய சுருதியும்: அயர்லாந்தின் நாட்டிசை பற்றிய ஓர் ஆராய்ச்சி

அயர்லாந்து தேசத்து நாட்டிசையைக் கற்கப் புகுவோர், கூடி வாசிக்கும் ஒரு சபையில் அமர்ந்து காது கொடுத்த சிறிது நேரத்துக்குள்ளாகவே, இரண்டு ஐயங்களுக்கு ஆளாகின்றனர். வாசிக்கப்படும் மெட்டின் பெயர் யாது என்பது ஒன்று. வீட்டிலே பொதுச் சுருதிக்குச் சரியாகச் சேர்த்துக் கொண்டுவந்த தம் பிடில், சபையின் ஒலியோடு ஏன் அரைச்சுரம் தாழ்ந்து நிற்கின்றது என்பது மற்றொன்று. முன்னதைச் சுவடி ஆராய்ச்சியாளரும் பின்னதை வாத்தியம் செய்வோரும் தனித்தனியே விசாரித்து வந்திருக்கின்றனர். எனினும், கடந்த இருநூறு ஆண்டுகளில் மெட்டுகளைத் தொகுத்தவர்களின் முயற்சியையும், அதே காலத்தில் சுருதி அடைந்த மாறுதல்களையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து, இவ்விரு ஐயங்களும் ஒரே வேரினின்றும் கிளைத்தவை என்பது புலனாகும். அயர்லாந்தின் வித்துவான் தன் மனத்தில் வைத்துப் போற்றுவது சுரங்களுக்கிடையே உள்ள உறவையேயன்றி, ஒரு குறித்த அதிர்வெண்ணையுமன்று, ஒரு குறித்த பெயரையுமன்று.

1792ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பெல்பாஸ்ட் நகரில் யாழ் வாசிப்போரின் விழா ஒன்று நடைபெற்றது. அங்கு வாசிக்கப்பட்டவற்றை எழுதிக்கொள்ளும் பொருட்டு எட்வர்ட் பண்டிங் என்னும் பத்தொன்பது வயது இளைஞர் அமர்த்தப்பெற்றார். தொண்ணூறு வயதைக் கடந்த டெனிஸ் ஹெம்ப்சன், உலோகத் தந்திகளை விரல் நகங்களால் மீட்டும் பழைய முறையை அங்கே காட்டினார். அவ்வித்துவான்கள் யாழைச் சேர்க்குங்கால், சகோதரிகள் என வழங்கிய இரண்டு தந்திகளை முதலில் ஒரே சுரத்தில் ஒன்றுபடுத்திக்கொண்டு, அவற்றை ஆதாரமாகக் கொண்டே ஏனையவற்றைக் கிரமமாகச் சேர்த்தனர் என்று பண்டிங் எழுதிவைத்தார். வெளியிலிருந்து வரும் அளவுகோல் எதுவும் அங்கே வேண்டப்படவில்லை. வாத்தியமே தன் சுருதியைத் தானே நிர்ணயித்துக்கொண்டது. பண்டிங்கின் முதல் தொகுதி 1796இலும், பின்னைய தொகுதிகள் 1809, 1840 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தன. ஆனால் அவை பியானோவுக்கு ஏற்ற வடிவில் அச்சேறினமையால், யாழில் அம்மெட்டுகள் நின்ற நிலை பல இடங்களில் மறைந்துபோயிற்று. இம்மறைவு அயர்லாந்து இசைக்கு நேர்ந்த பெருநஷ்டம் என்றே நான் கருதுகின்றேன்.

மெட்டுகளை இனங்காணும் முயற்சிக்கு உண்மையான உரம் இட்டவர் பிரான்சிஸ் ஓநீல். 1848இல் கார்க் மாவட்டத்தில் பாண்ட்ரிக்கு அருகில் பிறந்து, இளமையிலேயே கடலேறிப் பல தேசங்கள் சுற்றி, சிக்காகோ நகரின் போலீஸ் சேவையில் சேர்ந்து, 1901 முதல் 1905 வரை அதன் தலைமை அதிகாரியாக விளங்கிய இவர், தாமே குழல் வாசிக்க வல்லவராயினும் சுரங்களை எழுதத் தெரியாதவர். அவருடைய ஞாபகத்தில் இருந்த மெட்டுகளையும், சிக்காகோவில் குடியேறியிருந்த அயர்லாந்து வித்துவான்கள் வாசித்தவற்றையும் ஜேம்ஸ் ஓநீல் என்னும் பிடில் வித்துவான் எழுத்தில் வடித்தார். 1903இல் 1850 மெட்டுகள் கொண்ட பெருந்தொகுதியும், 1907இல் 1001 நடன மெட்டுகள் கொண்ட தொகுதியும் வெளிவந்தன. பின்னது அயர்லாந்தில் எவ்வளவு பிரசித்தி பெற்றதென்றால், வித்துவான்கள் அதனை வெறுமனே ‘புத்தகம்’ என்றே வழங்கலாயினர்.

ஆயினும், பெயரைக் கொண்டு மெட்டை அறியலாம் என்னும் நம்பிக்கை இத்தொகுதிகளாலேயே ஆட்டம் கண்டது. ஒரு பெயர் பல மெட்டுகளுக்கும், ஒரு மெட்டு பல பெயர்களுக்கும் உரியதாயிருந்தது. அயர்லாந்தில் ‘மிஸ் மக்லௌட்’ என வழங்கும் ரீல் வகை நடன மெட்டு, ஸ்காட்லாந்தின் ராசே தீவுச் சீமாட்டி ஒருவர் பெயரால் அச்சேறியது. அதுவே அமெரிக்க மலைப்பகுதிகளில் ‘ஹாப் ஹை லேடீஸ்’ ஆயிற்று. ‘லார்ட் மக்டொனால்ட்’ என்ற ரீல் அங்கே ‘லெதர் பிரிச்சஸ்’ ஆகித் தோற்காற்சட்டையின் பெயரைத் தாங்கிக்கொண்டது. யாரிடம் கற்றாரோ அவர் பெயரையே மெட்டுக்கு இடுவதும் பெருவழக்கு. பெயர் அறவே தெரியாதபோது ஐரிஷ் மொழியில் ‘கன் ஆனிம்’, அதாவது பெயரின்றி, என்று எழுதிவிடுவர். இது அசட்டை அன்று. எட்டு அளவு கொண்ட இரண்டு பகுதிகளை இருமுறை வாசித்து முப்பத்திரண்டு அளவில் முடிக்கும் ஒரு நடன மெட்டு, ஆடுவோரின் கால்களுக்காகப் பிறந்தது. பெயர் அதற்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த அணி.

இனிச் சுருதியின் வரலாற்றை நோக்குவோம். 1859இல் பிரான்சு தேசம் ‘ஏ’ சுரத்துக்கு வினாடிக்கு 435 அதிர்வுகள் எனச் சட்டமியற்றிற்று. இங்கிலாந்திலோ பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சுரம் 452 அதிர்வுகளுக்கும் ஏறி நின்றது. இன்று உலகம் ஒப்புக்கொள்ளும் 440 என்னும் அளவு, 1939 மே மாதம் லண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில் நிர்ணயமாகி, 1955இல் சர்வதேசத் தர அமைப்பால் உறுதி செய்யப்பட்டது. ஓநீலின் தொகுதியில் உள்ள மெட்டுகள் அனைத்தும் இந்த அளவுக்கு முந்தியவை. ஆதலின், அயர்லாந்து வித்துவான்கள் பொதுச் சுருதியை மீறி ஏறுகின்றனர் என்று குறை கூறுவோர், காலத்தால் பிந்தியதைக் கொண்டு முந்தியதை அளக்கின்றனர்.

வாத்தியங்களின் சான்றும் இதற்கு அரண் செய்கின்றது. உலோகச் சாவிகள் நிறைந்த பேம் முறைக் குழல் இங்கிலாந்தில் பரவியபோது, ருடால் அண்ட் ரோஸ் போன்றோர் செய்த பழைய மரக்குழல்கள் பலருக்கு வேண்டாதவையாயின. அவை அயர்லாந்து நாட்டுப்புற வித்துவான்களின் கைகளை அடைந்தன. 452 அதிர்வுச் சுருதிக்கென்று செய்யப்பட்ட குழலொன்று இன்றைய அளவுக்கு ஏறக்குறையக் கால்சுரம் மேலே நிற்கும். அக்காலத்துக் கன்சர்டினா என்னும் சிறு கைத்துருத்தி வாத்தியங்கள் பலவும் அவ்வாறே. குழலையும் கன்சர்டினாவையும் எளிதில் மாற்ற இயலாது. மாற வேண்டியது பிடிலே. நான்கு தந்திகளையும் ஒரே சீராகச் சற்று ஏற்றிக்கொண்டால், விரல்கள் பழகிய இடங்களில் சிறிதும் பிறழாமல் வாசிக்கலாம். முழு அரைச்சுரமும் ஏற்றினால், விரலில் ‘டி’, காதில் ‘ஈ பிளாட்’. நம்மவர் கணக்கில் சொல்வதாயின், இரண்டு கட்டையில் கற்றதை இரண்டரைக் கட்டையில் வாசிப்பது. அப்போது ‘ஏ’ சுரம் 466 அதிர்வுகளை எட்டும். மற்றொரு புறம் துருத்திக்குழல்களில் பழையவை பல ‘டி’யினும் தாழ்ந்த சுருதியில் இனிமையாய் ஒலித்தவை. டிரோஹடாவிலிருந்து பிலடெல்பியாவுக்குக் குடியேறிய டெய்லர் சகோதரர்களே, அமெரிக்க நாடக அரங்குகளில் கணீரென்று கேட்கும்படி, அகன்ற துளையுள்ள உரத்த ‘டி’ குழலை உருவாக்கினர். இவற்றால், சுருதி ஒரே திசையில் ஏறிக்கொண்டே வந்தது என்னும் எளிய முடிவுக்கு நாம் வருதல் ஆகாது. பெரிய நடனசாலை உரத்த ஒலியை விரும்பியது. அடுப்படியில் அமர்ந்து வாசித்தவருக்குத் தாழ்ந்த சுருதியே போதுமானதாயிருந்தது.

சுருதியை அரைச்சுரம் ஏற்றி வாசிக்கும் வழக்கத்துக்கு அக்கார்டியன் இருபதாம் நூற்றாண்டில் நிலைபேறு அளித்தது. கால்வேயின் ஜோ கூலி (1924–1973) கையாண்ட வாத்தியத்தின் பொத்தான் வரிசைகள் இரண்டனுள் ஒன்று ‘டி’, மற்றொன்று அதனின் அரைச்சுரம் ஏறியது. ஆகவே ‘ஈ பிளாட்’ அதனுள்ளேயே குடிகொண்டிருந்தது. 1970களின் நடுவே ஸ்பிடல் ஊரில் தோன்றிய டி டானன் குழுவின் பிடில் வித்துவான் பிராங்கி கேவின் இச்சுருதியைப் பெரிதும் கையாண்டு, இளந்தலைமுறையினர் பலரை அதன்பால் ஈர்த்தார். தந்தி இறுகுந்தோறும் நாதம் கூர்மையும் பிரகாசமும் பெறுகின்றது என்பதே வாசிப்போர் இதற்குக் கூறும் காரணம். அது பௌதிக நியாயத்துக்கும் பொருந்துவதே.

ஆராய்ச்சியாளன் மிக்க எச்சரிக்கையோடு நடக்கவேண்டிய இடம் பழைய இசைத்தட்டுகளே. ஸ்லைகோ மாவட்டத்துக் கில்லாவில் ஊரில் 1891இல் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த மைக்கேல் கோல்மனின் இசைத்தட்டுகள் அயர்லாந்தின் பிடில் வாசிப்பையே மாற்றியமைத்தன. டார்போல்டன், லாங்போர்ட் கலெக்டர், செய்லர்ஸ் பானட் என்னும் மூன்று ரீல்களை அவர் கோத்து வாசித்த வரிசை இன்றும் அவ்வாறே வாசிக்கப்படுகின்றது. தட்டில் ஒட்டிய சீட்டிலிருந்த பெயர்களே மெட்டுகளின் பெயர்களாக உறைந்துவிட்டன. ஆனால் சுருதி அவ்வாறு உறையவில்லை. நிமிஷத்துக்கு 78 சுழற்சி எனப்பட்ட தட்டுகள் யாவும் அவ்வேகத்திலேயே பதிவானவை அல்ல. 76 சுழற்சியில் பதிந்ததை 78இல் ஓட்டினால் ஏறத்தாழக் கால்சுரம் ஏறும். 73.6இல் பதிந்ததை அவ்வாறு ஓட்டினால் முழு அரைச்சுரம் ஏறி, ‘டி’ தன்னாலேயே ‘ஈ பிளாட்’ ஆகிவிடும். லயமும் நூற்றுக்கு ஆறு பங்கு விரையும். ஆகவே ஒரு பழைய தட்டு ‘ஈ பிளாட்டில்’ ஒலிப்பது கொண்டு, வாசித்தவர் தந்திகளை ஏற்றியிருந்தார் என முடிவு கட்டுவது நியாயமன்று. உடன் ஒலிக்கும் பியானோவின் சுருதியையும், விரல் படாத திறந்த தந்திகள் எச்சுரங்களில் அதிர்கின்றன என்பதையும், தட்டின் வேகத்துக்குக் கிடைக்கும் வேறு சான்றுகளையும் ஒருங்கே வைத்துத்தான் தீர்ப்புக் கூறவேண்டும்.

பெயரும் நம்பத்தகாதது, சுருதியும் நிலையற்றது என்னும்போது மெட்டை எதனைக் கொண்டு அடையாளங் காண்பது? இதற்கு விடை கண்டவர் டப்ளின் நகரத்தில் 1912இல் பிறந்து அரசாங்க உத்தியோகத்தில் இருந்த பிரெண்டான் பிரஹ்னாக். ‘கியோல் ரிங்க நஹேரன்’ என்னும் அவருடைய நடன இசைத் தொகுதியின் முதற்பாகம் 1963இல் வெளிவந்தது. மெட்டுகளின் மாற்றுப் பெயர்களும் அவை கிடைத்த இடங்களும் அதன் குறிப்புகளில் பொறுமையோடு தரப்பட்டுள்ளன. அவர் தமக்கென வகுத்துக்கொண்ட அட்டவணையில், மெட்டின் தொடக்கத்தில் அழுத்தம் பெறும் சுரங்களை மட்டும் எடுத்து, ஆதார சுரத்துக்கு 1 என எண்ணிட்டு, மற்றவற்றை அதனின்றும் கணக்கிட்டு, ஒரு சிறு எண்வரிசையாக அட்டையில் குறித்தார். இதன் நுட்பம் மிகவும் பாராட்டுதற்குரியது. அழுத்தமற்ற சுரங்கள் விலக்கப்படுவதால், ஒவ்வொரு வித்துவானும் தம் கற்பனைக்கேற்பச் சேர்க்கும் கமகங்கள் தேடலைக் குலைப்பதில்லை. உறவே எண்ணாகிவிடுவதால், ‘டி’யில் வாசித்தாலும் ‘ஈ பிளாட்டில்’ வாசித்தாலும் அட்டை ஒன்றே. எழுத்தறியாத வித்துவான் காதால் செய்துவந்ததையே பிரஹ்னாக் எண்ணால் செய்தார். மெட்டுகளைத் திரட்டும் பணியும் இதனோடு நின்றுவிடவில்லை. அலாய்ஸ் பிளைஷ்மன் என்னும் ஆராய்ச்சியாளர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, 1600 முதல் 1855 வரையுள்ள சுவடிகளிலும் அச்சு நூல்களிலும் திரட்டிய ஏறத்தாழ ஏழாயிரம் மெட்டுகள், அவர் மறைந்து ஆறாண்டுகளுக்குப் பின் 1998இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தன.

அண்மைக் காலத்தில் டப்ளினில் பிரையன் டக்கன் அமைத்த டியூன்பால் என்னும் கணினிக் கருவி, வாசிப்பவரின் நாதத்தைக் கேட்டு எழுத்துக் குறிகளாக்கி, ஆயிரக்கணக்கான மெட்டுகளோடு ஒப்பிட்டு, நெருங்கிய பெயர்களை எடுத்துத் தருகின்றது. ஒலிப்பதைக் கொண்டு மட்டும் இயங்கும் அக்கருவிக்கும், வாத்தியத்தின் ஆதார சுரம் ‘டி’யா, ‘ஈ பிளாட்டா’ என்பதை வாசிப்பவரே சொல்லவேண்டியிருக்கின்றது.

ஆகலின், வீட்டில் இருக்கும் பழைய ஒலிநாடாக்களையும் தட்டுகளையும் ஆவணக்காப்பகங்களில் ஒப்படைக்கும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். மெட்டின் பெயரை எழுதும்போதே, வாசித்த வாத்தியம் யாது, அது எச்சுருதிக்குச் செய்யப்பட்டது, பதிவு எந்த வேகத்தில் ஓட்டப்பட்டது என்னும் மூன்றினையும் அதே சீட்டில் எழுதி வைத்தல் வேண்டும்.